பின்னிரண்டு வரி

1955-ஆம் ஆண்டு மாசி மாதம் தொடங்கி, சந்திரமதி ஒரு பந்துன் சொன்னால் அதன் முதல் இரண்டு வரிகளில் வருகிற பொருள்கள் அங்கேயே வந்து விழுந்தன. வாத்து என்றால் வாத்து, இறால் என்றால் இறால். அந்த வருடம் மலாக்கா பாசாரில் முட்டை விலை இறங்கியதற்கு அதுதான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. வாத்து முட்டை வேண்டுமானால் இறங்கியிருக்கலாம்.

சந்திரமதி மலாக்கா காஜா பேராங்கில் இருக்கும் செட்டிமார் கம்பத்துப் பெண், கம்பம் என்றால் அங்கே கிராமம். மலாக்கா செட்டிகளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், வீட்டில் மாரியம்மன் படம், வாயில் மலாய். தமிழில் சாமி பெயரும் சொந்தக்காரர் முறையும் கொஞ்சம் திட்டும் மட்டும் மிச்சம். ஆனால் பந்துன் என்று வந்துவிட்டால் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. பந்துன் நாலு வரி. முதல் இரண்டு வரியில் ஏதாவது பொருளைத் தூக்கிப் போட வேண்டும்: மீன், மரம், படகு, மாங்காய். அதற்கும் விஷயத்துக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. அதை நிழல் என்பார்கள். பின்னிரண்டு வரியில்தான் மனசில் உள்ளது வரும். நேராகச் சொன்னால் அடிதடியில் முடியும் சங்கதிகளை இப்படி ஒரு மாங்காயின் முதுகில் ஏற்றி அனுப்புவது அவர்கள் நாகரிகம். பெண் கேட்பதும் அப்படித்தான், பெண் இல்லை என்பதும் அப்படித்தான். பரிசம் போடுகிற வீட்டில் இரு தரப்புக்கும் பந்துன் சொல்ல ஆள் வேண்டும். இருபது வயதிலிருந்து அந்த ஆள் சந்திரமதி. ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் வாயாக இருந்தவள், தனக்கென்று வாய் திறக்க நேரமில்லாமல் முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

முதல் தடவை நடந்தது ஒரு தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுப் பரிசத்தில். பெண் வீட்டார் சார்பில் எழுந்து நின்று அவள் சொன்னதை, மலாயிலிருந்து என்னால் முடிந்த அளவுக்கு இங்கே பிடித்து வைக்கிறேன்:

தெங்கேராக் கரையில் இறால் குதிக்கும்,
தென்னை மரத்தில் வாத்து உறங்கும்;
வந்தவர் காலை வாசல் மதிக்கும்,
வாங்கிய சொல்லால் வீடு விளங்கும்.

முதல் வரி முடிந்ததும் முற்றத்துச் சிமெண்டுத் தரையில் இறால் குதித்தது. இரண்டாவது வரி முடிந்ததும் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். தென்னை மரத்துக் குருத்துக்கு நடுவே நாலைந்து வாத்துகள் தலையை இறக்கைக்குள் செருகித் தூங்கிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளையின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தில் ஏறினார். பெண்கள் தாம்பாளத்து வெற்றிலையைக் கீழே கொட்டிவிட்டு அதில் இறாலை அள்ளினார்கள். சந்திரமதி கூச்சலுக்கு நடுவே பின்னிரண்டு வரியையும் சொல்லி முடித்துவிட்டு உட்கார்ந்தாள். யாரும் கேட்கவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டில் இறால் சம்பால் நன்றாக இருந்தது என்பதைத் தவிர அந்தப் பரிசத்தைப் பற்றி யாருக்கும் எதுவும் நினைவில்லை. அது யாருடைய பரிசம் என்பதிலேயே இப்போது இரண்டு கட்சி இருக்கிறது.

அதற்குப் பிறகு சந்திரமதி இல்லாமல் காஜா பேராங்கில் ஒரு காதுகுத்துகூட நடக்கவில்லை. கூட்டம் கூடையோடும் கோணிப்பையோடும் வந்தது. கிளேபாங்கிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டாவது வரியின் கடைசி எழுத்து அவள் உதட்டை விட்டு இறங்குவதற்குள் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். அப்போது சுதந்திரம் வரப்போகிற சமயம், ஊரில் வீட்டுக்கு ஒரு கட்சி. கட்சிக்காரர்கள் கூட்டத்துக்கு ஆள் சேர்க்க அவளைத் தேடி வந்தார்கள். ஒரு மேடையில் அவள் ஆடு என்று சொல்லப்போக, வந்து நின்ற ஆடு தங்களுடையது என்று மூன்று கட்சிகள் சண்டை போட்டன. கடைசியில் ஆடு நாலாவது கட்சியின் சுவரொட்டியைத் தின்றது. இன்னொரு புத்திசாலி, சுதந்திரத்தையே முதல் வரியில் வைத்துச் சொல்லிவிடேன், லண்டனுக்குப் போய்ப் பேசுகிற கப்பல் செலவாவது மிச்சமாகும் என்றார். அது பொருள் இல்லை, அர்த்தம். பின்னிரண்டு வரியில்தான் வைக்க முடியும், அங்கே வைத்தால் உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கும் என்று அவள் சொன்னாள். கேட்பதற்கெல்லாம் நேரமில்லை என்று அவர் போய்விட்டார்.

இந்த அவசரத்துக்கு ஒரு தத்துவம் தேவைப்பட்டது. அதைக் கொடுத்தவர் தமிழ்ப்பள்ளி வாத்தியார் மாணிக்கவாசகம். அவர் சிறுகவிதை ரசிகர் மன்றம் என்று ஒன்றை நடத்திவந்தார். மன்றத்தில் அவரும் ஒரு மர பீரோவும் உறுப்பினர்கள். ஜப்பான்காரன் காலத்தில் அவர் வீட்டு முன்னறையில் ஜப்பானியக் குமாஸ்தா ஒருவனைக் குடிவைத்திருந்தார்கள். அந்த ஆள் சாயங்காலமானால் வாசலில் உட்கார்ந்து மூன்று வரிக் கவிதை சொல்வானாம். ஹைக்கூ என்று பெயர். வாத்தியார் அதில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்து, பன்னிரண்டு வருடமாக ஊரைத் துரத்தித் துரத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்:

மழை விட்ட சந்து;
ஒற்றைச் செருப்பு மிதந்து வருகிறது.
மற்றது எங்கே?

இதில் பொருள் மட்டும்தான் இருக்கிறது, கருத்தைச் சொல்லவே இல்லை, அதுதான் உச்சம் என்பது வாத்தியார் கட்சி. ஆகவே பந்துனிலும் பின்னிரண்டு வரியை வெட்டிவிடலாம், நிழலோடு நிறுத்துவதே நவீனம் என்று தேநீர்க் கடையில் விளக்கினார். கூடைக்காரர்களுக்கு அது தேவவாக்காக இருந்தது. அதுவரை வாத்து பிடிக்க ஓடியவர்கள், அன்று முதல் கலையை ரசிக்க ஓடினார்கள்.

வாத்தியார் இதைச் சந்திரமதியிடமே போய்ச் சொன்னார். அவள் அச்சாருக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டுவிட்டு, அந்தச் செருப்புக் கவிதையை இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.

“சிக்கு, அந்த ஜப்பான்காரனுக்கு ஊர்ல பொண்டாட்டி இருந்தாளா?” என்று மலாயில் கேட்டாள். சிக்கு என்றால் வாத்தியார்.

“அது எனக்கு எப்படிம்மா தெரியும்? கவிதையில அது இல்லையே.”

“இருக்கு லா. அவன் சொல்லாம விட்டுட்டான், ஆனா அதுக்குள்ள வச்சிருக்கான். நீங்க விடச் சொல்றது கேக்கப் பொறுமை இல்லாம. ரெண்டும் ஒண்ணா?”

அது உன் அபிப்பிராயம் என்று சொல்லிவிட்டு வாத்தியார் ஒரு போத்தல் அச்சார் வாங்கிக்கொண்டு போனார். மன்றத்தின் கொள்கையில் மாற்றமில்லை.

பின்னிரண்டு வரிக்காக நின்றவன் ஊரில் ஒருவன்தான். அவன் மருதமுத்து, காஜா பேராங் வழியாக ஓடும் பஸ்ஸில் கண்டக்டர். ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்த தமிழன். கடைசி ஆள் இறங்கும்வரை படியில் நின்று பார்த்துவிட்டு விசில் ஊதுவது அவன் தொழில். அந்தப் பழக்கமோ என்னவோ, பந்துனிலும் கடைசிச் சொல் இறங்கும்வரை அவன் நகரமாட்டான். ஒரு ஊதல் என்றால் பஸ் நிற்கும், இரண்டு என்றால் கிளம்பும். காஜா பேராங்கில் குழந்தைகளுக்குக்கூட இது அம்மா அப்பாவுக்கு அடுத்து தெரிந்த பாடம். பரிச வீடுகளில் ஊரே வாத்தின் பின்னால் ஓடும்போது, முற்றத்தின் நடுவில் காக்கிச் சட்டையோடு ஒருவன் மட்டும் காலடியில் துள்ளும் இறாலை மிதிக்காமல் நின்றுகொண்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். முடிந்ததும் தலையை ஒரு முறை ஆட்டிவிட்டுப் போய்விடுவான். ஒரு வாத்தைக்கூட அவன் எடுத்துப் போனதில்லை. சந்திரமதிக்கு அந்தத் தலையாட்டல் இல்லாவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. இப்படிப்பட்ட விஷயத்துக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு, அதை நான் எழுதித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை.

அவனிடம் அவள் சொல்ல நினைத்தாள். ஆனால் ஒரு செட்டிப் பெண் ஒரு ஆணிடம் போய் உன்னைப் பிடித்திருக்கிறது என்று மொட்டையாகச் சொல்வது துணி இல்லாமல் தெருவில் நடப்பது மாதிரி. பந்துனில் சொல்லலாம், சபையில் சொல்லலாம், யாருக்கென்று அவனுக்கு மட்டும் தெரிந்தால் போதும். அதற்கு முதலில் நிழல் போட வேண்டும். நிழல் போட்டால் பொருள் வந்துவிடும், பொருள் வந்தால் ரகளை, ரகளையில் பின்னிரண்டு வரி காற்றோடு போகும். யாருக்கும் வேண்டாத பொருளாகச் சொல்லிப் பார்ப்போம் என்று ஒரு தரம் கொசு என்றாள். மொத்தச் சபையும் தன்னைத் தானே அறைந்துகொண்டதில் அவள் குரல் கேட்கவில்லை. மருதமுத்துவும்தான் அறைந்துகொண்டான். இன்னொரு தரம் சேறு என்றாள். பஸ் ஓடும் சடக்கு முழுக்கச் சேறாகி, பஸ் அதில் மாட்டிக்கொள்ள, கண்டக்டர் தள்ளப் போய்விட்டான். முள் என்று சொன்ன அன்றைக்குத்தான் நிச்சயம் யாரும் வரமாட்டார்கள் என்று நம்பினாள். மருந்துக்கடைச் சீனர் இரண்டு ஆளோடு வந்து கடைசி முள் வரை பொறுக்கிப் போனார். மலாக்கா துறைமுகமாக இருந்த ஊர். எதைச் சொன்னாலும் அதை வாங்க ஒருவன் இருப்பான்.

அவனை வரவழைக்கிற நிழலைச் சொல்லிவிடலாமே, காக்கிச் சட்டை என்று ஒரு வார்த்தை போதாதா என்று கேட்கலாம். கமலவேணி அதைத்தான் கேட்டாள். அவள் கோயில் தர்மகர்த்தா தம்பிராஜாவின் மகள், சந்திரமதிக்கு மாமா மகள், அந்த வருடம் பரிசத்துக்குக் காத்திருந்தவள். “கூப்பிட்டா வர்றது வாத்து லா. அவரும் அப்படியா வரணும்?” என்று சந்திரமதி சொன்னாள். சொல்லும்போது அழுதுவிட்டாள் என்று கமலவேணி பிற்காலத்தில் சொன்னதுண்டு.

1957 ஆடி மாதத்தில் மருதமுத்துவின் அண்ணன் பொன்னுதுரை ஊருக்குத் திரும்புவதென்று முடிவு செய்தார். பொன்னுதுரைக்குக் கொடிகளோடு ஒரு பகை இருந்தது. வெள்ளைக்காரன் கொடி இறங்கி ஜப்பான்காரன் கொடி ஏறியபோது அவருக்கு மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு. ஜப்பான் கொடி இறங்கி வெள்ளைக்காரன் கொடி மறுபடி ஏறியபோது, கையில் வைத்திருந்த ஜப்பான் நோட்டு முழுக்கக் குப்பைக்குப் போனது. இப்போது மூன்றாவதாக ஒன்று ஏறப்போகிறது என்றதும் அவர் இரண்டு கப்பல் டிக்கெட் வாங்கிவிட்டார். கிள்ளான் துறைமுகத்தில் ஏறினால் நாகப்பட்டினம். தகப்பனில்லாத வீட்டில் அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மருதமுத்து கம்பெனியில் சொல்லிவிட்டான். காக்கிச் சட்டையைத் திருப்பிக் கொடுத்தான். விசிலை மட்டும் கொடுக்க மறந்துவிட்டான்.

அண்ணனும் தம்பியும் புறப்பட வேண்டிய நாளும் கமலவேணியின் பரிசமும் ஒரே நாளில் விழுந்தன. ஆகஸ்டு கடைசி வாரம், ஊரெல்லாம் தோரணம், விளக்குக் கம்பம்தோறும் புதுக் கொடி. தம்பிராஜா வீட்டு முற்றத்தில் பந்தலுக்குள் பாதி, வெளியே பாதி என்று கூட்டம். எல்லார் கையிலும் கூடை. ஒருவர் மீன் பிடிக்கிற வலையையே கொண்டுவந்திருந்தார். மாணிக்கவாசகம் வாத்தியார் கலை ரசிப்பதற்காக முன்வரிசையில் ஒரு பெரிய கோணிப்பையுடன் உட்கார்ந்திருந்தார். மருதமுத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து வழக்கமான இடத்தில் நின்றான். வேலிக்கு வெளியே பொன்னுதுரை, கயிறு கட்டிய தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, “டேய், பஸ்ஸுக்கு நேரமாச்சு,” என்று நிமிடத்துக்கு ஒரு முறை சொல்லிக்கொண்டிருந்தார்.

சந்திரமதி எழுந்தாள். கூடைகள் எழுந்தன. அவள் மருதமுத்துவைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். பிறகு காஜா பேராங்கில் அதற்கு முன் யாரும் செய்யாததைச் செய்தாள். பந்துனைக் காலிலிருந்து தொடங்கினாள்:

ஊருக்குப் போகிறவரே, ஒரு சொல் கேளும்,
உங்கள் பின்னால் என் உயிரும் நடக்கும்;

அப்படியே நிறுத்திவிட்டாள். நிழல் இல்லை, மாங்காய் இல்லை, வெறும் மனசு. கூட்டத்துக்கு ஓட ஒன்றும் இல்லை. பொருள் பின்னால்தான் வரும் என்பது புரிய, கூடையைப் பிடித்தபடி எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. இரண்டரை வருடத்துக்குப் பிறகு அவள் சொன்ன அர்த்தத்தை ஊரே கேட்டது. கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும் என்று பின்னால் யாரோ ஒரு பெண் சொன்னது அவள் காதில் விழுந்தது. எல்லாரும் மருதமுத்துவைத் திரும்பிப் பார்த்தார்கள். பந்துனுக்குப் பந்துனில்தான் பதில் சொல்ல வேண்டும், அது முறை. கேட்டால் புரியும், ஆனால் அவன் வாயில் வருகிற மலாயோ டிக்கெட் கொடுக்கவும் சில்லறை கேட்கவும் மட்டும் போதும். அவன் நெற்றியைத் துடைத்தான். சட்டைப் பையில் கை விட்டான். விசிலை எடுத்து வாயில் வைத்தான்.

ஒரே ஒரு முறை ஊதினான்.

அதற்குப் பிறகு வரவேண்டிய இரண்டாவது ஊதலுக்காக முற்றமே காத்திருந்தது. மருதமுத்து விசிலை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டான். கமலவேணிதான் முதலில் சிரித்தாள். மலாய்க்காரன் நாலு வரி, ஜப்பான்காரன் மூன்று வரி, நம் ஆள் ஒரு ஊதல் என்று வாத்தியார் தன்னை மறந்து கோணிப்பையைத் தட்டினார். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே உருப்படியான விமரிசனம் அதுதான்.

சந்திரமதி உட்காரப் போனாள். தம்பிராஜா விடவில்லை. “பாதில விடாத லா, கல்யாண வூட்டுக்கு ஆகாது! மீதி ரெண்டையும் சொல்லு!” என்று கத்தினார். அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் யோசிக்க எங்கே முடியும்? காதில் விழுந்த கத்தரிக்காயும், ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த கப்பலும்தான் வாயில் வந்தன:

கொல்லையில் கத்தரி காய்க்கும் நாளும்,
காஜா பேராங்கில் கப்பல் கிடக்கும்.

கப்பல் கோயிலை ஒட்டிய காலி நிலத்தில் இறங்கியது. யாருக்கும் அடிபடவில்லை. தம்பிராஜாவின் வேலியும் ஒரு ரம்புத்தான் மரமும் போயின. மூன்று தட்டு, ஒரு புகைக்கூண்டு, அடியில் பாசி, பக்கவாட்டில் கடல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கூடை கொண்டுவந்தவர்கள் கூடையையும் பார்த்தார்கள், கப்பலையும் பார்த்தார்கள். வலைக்காரர் வலையை மடித்துக்கொண்டார். மேலேயிருந்து ஒரு சமையல்காரர் எட்டிப் பார்த்து, “இது பினாங்கா?” என்று கேட்டார். இல்லை, காஜா பேராங் என்றார்கள். சரி என்று இறங்கி வந்து காப்பிக்கடை எங்கே என்று விசாரித்தார்.

பொன்னுதுரை எழுந்து போய்க் கப்பலின் பெயரைப் படித்தார். டிக்கெட்டைப் படித்தார். இரண்டும் ஒன்றாக இருந்தது. தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். டிக்கெட் வாங்கியாகிவிட்டது, அது கிளம்பும்போது கிளம்பட்டும் என்றார். கப்பல் கம்பெனியிலிருந்து இரண்டு வெள்ளைக்காரர்கள் வந்து பார்த்து, தரையில் கிடக்கும் கப்பலுக்குத் தங்கள் சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நகரசபை யோசித்துப் பார்த்து, தெருவில் அடுத்து வரவேண்டிய கதவு எண்ணை அதற்குக் கொடுத்தது. ஆகஸ்டு 31 அன்று பையன்கள் அதன் உச்சியில் புதுக் கொடியைக் கட்டினார்கள். பொன்னுதுரை அதன் கீழே உட்கார்ந்து ஏதாவது கெட்டது நடக்கும் என்று காத்திருந்தார். மழை மட்டும் பெய்தது.

தை மாதம் மாரியம்மன் கோயிலில் சந்திரமதிக்கும் மருதமுத்துவுக்கும் கல்யாணம் நடந்தது. காக்கிச் சட்டை திரும்பக் கிடைத்தது. காஜா பேராங்கில் அதற்குப் பிறகு பந்துனைப் பின்னிரண்டு வரியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். மற்ற ஊர்க்காரர்கள் அதைப் பிழை என்கிறார்கள், அவர்கள் ஊரில் கப்பல் இல்லை. சந்திரமதியின் கொல்லையிலும் சொன்னது சொன்னபடி தினமும் கத்தரி காய்க்கிறது. விற்றது போக, கொடுத்தது போக, அவள் தினமும் கத்தரிக்காய்க் குழம்பு வைத்துத் தூக்குச்சட்டியில் கப்பலுக்கு எடுத்துப் போனாள். சாயங்காலம் அந்தப் பக்கம் பஸ் போகும்போது மருதமுத்து அண்ணனுக்காக இரண்டு ஊதல் ஊதுவான். பொன்னுதுரை எழுந்து நின்று கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொள்வார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்வார். கப்பலின் நிழல் நல்ல குளிர்ச்சி, கோயிலுக்கு வருகிறவர்கள் செருப்பை அங்கேதான் விட்டார்கள்.

நாலைந்து வருடம் கழித்து ஒரு நாள் அவர் அவளிடம் கேட்டார்: “தங்கச்சி, கடலுன்னு ஒரு வரி சொல்லேன். இது கெளம்பிடும்ல?” தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டே சந்திரமதி, அதற்குள் அவள் கற்றிருந்த தமிழில், அண்ணன் என்பதை மட்டும் மலாயிலேயே விட்டு, “சொன்னா கடல் வரும் அபாங். வழியில தெங்கேரால உள்ளவங்க எங்க போவாங்க?” என்றாள். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று யோசித்துவிட்டு, “அங்க யாரு இருக்கா ஒங்களுக்கு?” என்று கேட்டாள்.

பொன்னுதுரை கோயில் கோபுரத்தைப் பார்த்தார். கீழே கிடந்த செருப்புகளைப் பார்த்தார். சோற்றைப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார்.

“கொழம்புல உப்பு கம்மி,” என்றார்.

சந்திரமதி பந்துனில் ஊறியவள், உப்பு வெறும் நிழல் என்று அவளுக்குத் தெரியும். மறுநாளிலிருந்து ஒரு சிட்டிகை கூடுதலாகப் போட்டாள். அந்த வாரம் பொன்னுதுரை பெட்டியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து மேல்தட்டில் குறுக்கே கட்டினார். அவருடைய வேட்டி இப்போதும் அதில்தான் காய்கிறது.